மறதிக்கு நாம் வைத்திருக்கும் பெயர்

2008ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்றைத் தமிழ் படிப்போர் அறிந்துகொள்வது நல்லது. பத்து/அறுபத்தாறு என்ற விந்தையான பெயருடைய ஆய்வுக் குழு 1998இல் கொச்சியில் உருவானது. மறதிநோய் கொண்டோரில் மூன்றில் இரு பங்கினர் (66 விழுக்காடு) வளரும் நாடுகளில் வாழ, அந்நாடுகளுக்குக் கிட்டும் ஆய்வோ பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே பெயரின் பொருள். இக்குழு பல நாடுகளோடு சென்னையிலும், செஞ்சிக்கு வடக்கே வேலூர்ப் பகுதிக் கிராமங்களிலும் முதியோரைச் சந்தித்தது.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைப்படி கணக்கிட்டபோது, அக்கிராமங்களில் மறதிநோயினர் வெறும் 0.3 விழுக்காடு. குழு தானே வகுத்த அளவுகோலின்படியோ, ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் விகிதம் 5.6க்குக் குறையவில்லை. முதியவரின் அன்றாட வாழ்வு குலைந்திருப்பதாக வீட்டார் சொன்னால்தான் முதல் வரையறையில் அது நோய். நம் வீட்டாரோ அப்படிச் சொல்வதில்லை. “வயசாச்சுல்ல” என்ற ஒரு சொல்லில் நோய் மறைந்துவிடுகிறது. ஈழத்தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்று இதற்கொரு தனி வழக்கேனும் உண்டு; அதுவும் பெரும்பாலும் ஏளனமாகவே ஒலிக்கிறது.

சோதனை வினாக்களின் சிக்கல் வேறு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைக் கணக்கை மனத்தாலேயே போட்டு முடிக்கும் பெரியவரிடம் காகிதத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் அவர் தோற்றுத்தான் போவார். 1990களில் அரியானாவின் பல்லப்கரில் இந்தியில் உருவான சோதனை இதனை உணர்ந்திருந்தது. வாக்கியம் எழுதுவதற்கு மாற்றாக, “உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று அது கேட்டது.

இதனால் எழுத்தறியாதோரின் மறதியெல்லாம் அளவுகோலின் பிழையே என்று வாதிடுவோரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு 2017-18இல் தன் முதற்சுற்றில், நாற்பத்தைந்து வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரிடம் உடல்நலம், அறிவாற்றல், பொருள்நிலை மூன்றையும் சேர்த்தே விசாரித்தது. அதன் கிளை ஆய்வு, அறுபது வயது கடந்த இந்தியரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயினர் என 2023இல் மதிப்பிட்டது. பெண்களிடமும், பள்ளி செல்லாதோரிடமும், கிராமத்தவரிடமும் விகிதம் கூடுதல். பாட்டிமார்களின் நினைவாற்றலை வியந்து தேசிங்குராசன் கதையைப் பதிவு செய்யும் நாம், அதே தெருவில் பெற்ற மகளின் பெயரை மறந்தவளைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

மறதி முதலில் கைவைப்பது காசின் மீதுதான். 1962இல் சென்னை மாநிலத்தில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாயிற்று. விரல்ரேகை வைத்து அதைப் பெறும் மூதாட்டிக்கு, எவ்வளவு வாங்கினோம் என்பது மறுநாள் நினைவில்லையெனில், அது யார் பணம்? கடன் வாங்கியதும், கொடுத்ததும், நிலப்பத்திரத்தில் கைநாட்டு வைத்ததும் அவ்வாறே. நோயென்று பெயரிடாத வீட்டில் இதைக் காப்பாற்றவும் யாருக்கும் தோன்றாது.

கேள்வித்தாளைத் தமிழாக்குவது மருத்துவர் பாடு என்று தமிழ்த்துறைகள் ஒதுங்கி நிற்பது முறையன்று. “அறிவாற்றல் குறைபாடு காணப்படுகிறதா?” என்றால் இல்லை என்றே மருமகள் சொல்வாள். “வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போனா மீதிக் காச சரியா எண்ணி வாங்கியாறாங்களா? பென்சன் காச எங்க வச்சோம்னு தேடுறாங்களா?” என்று கேட்டுப் பார்க்கட்டும்.