ஐரோப்பா தேன்நிலவு: 7 நாடு எதற்கு? 2 ஊர் போதும்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாணம். பாரிசில் தேன்நிலவு!

கேட்கவே ஜோராக இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைக்குத் தேன்நிலவு என்றால் கொடைக்கானல்தான். கொஞ்சம் கையில் காசு இருந்தால் ஊட்டி. இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது குற்றாலம். ஐரோப்பாவை சினிமாக் கொட்டகையில் பார்த்ததோடு சரி. 1969-ல் "சிவந்த மண்" படத்துக்காக ஐரோப்பாவுக்கே போய்ப் படம் பிடித்து வந்தார்கள். ஊர் வாயைப் பிளந்து பார்த்தது.

இன்று காலம் மாறிவிட்டது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை. பெண்ணும் சம்பாதிக்கிறாள். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே டூர் கம்பெனி நோட்டீஸ் கைக்கு வந்துவிடுகிறது.

போகட்டும். தப்பே இல்லை. ஆனால் போகிற விதம்தான் சரி இல்லை.

"10 நாளில் 7 நாடு" என்கிறார்கள். இதில்தான் பலர் மயங்கி விழுகிறார்கள்.

நாடு கணக்கு

இந்த 7 நாடு கணக்கே ஒரு வேடிக்கை. வாடிகன் ஒரு நாடு. அதன் பரப்பளவு அரை சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது. லிச்டென்ஸ்டைன் ஒரு நாடு. பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி, போட்டோ எடுக்கச் சொன்னால் போதும். கணக்கில் ஒன்று கூடிவிடும்.

10 நாளில் 6 முறை ஊர் மாறினால் என்ன ஆகும்? பெட்டி கட்ட வேண்டும். ஓட்டலைக் காலி பண்ண வேண்டும். பஸ்ஸில் உட்கார வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாள் போச்சு. ஆக மொத்தம் 3 நாள் காலி. லட்சக்கணக்கில் பணம் கட்டி, 3 நாளை ரோட்டில் தொலைப்பதா?

"என்னங்க, நாளைக்காவது கொஞ்சம் மெதுவா எந்திரிக்கலாமா?" என்று புதுப்பெண் கேட்பாள்.

"அது எப்படிம்மா? காலையில 6 மணிக்கு பஸ்சு" என்பார் மாப்பிள்ளை.

இதற்குப் பெயர் தேன்நிலவா? நுனிப்புல் மேய்ச்சல்!

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாக மனம்விட்டுப் பேசியதே கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஒருவரை ஒருவர் தெரிந்து கொள்ளத்தான் தேன்நிலவு. 40 பேர் உட்கார்ந்த பஸ்ஸில், வழிகாட்டியின் கொடியைப் பார்த்து ஓடுகிற ஜோடி எப்போது பேசும்?

ஊர் வழக்கமே வழி

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியூர் சொந்தம் வந்தால் என்ன செய்வோம்? வீட்டில் தங்க வைப்போம். ஒருநாள் ஆண்டாள் கோவில். ஒருநாள் ராஜபாளையம் அய்யனார் கோவில் அருவி. ஒருநாள் குற்றாலம். ஒருநாள் மதுரை. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். தினமும் மூட்டை முடிச்சோடு ஒவ்வொரு ஊராக யாரும் அலைவது இல்லை.

ஐரோப்பாவுக்கும் இதுதான் சரியான வழி. இரண்டு ஊரில் தங்க வேண்டும். பக்கத்து ஊர்களுக்குக் காலையில் போய், சாயங்காலம் திரும்ப வேண்டும். அங்கே ரெயில் வசதி அப்படி.

உதாரணத்துக்கு 9 ராத்திரி என்று வைத்துக் கொள்வோம். பாரிசில் 5. சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் 4.

பாரிசில் முதல் நாள் எதுவும் வேண்டாம். விமானக் களைப்பு தீரட்டும். சாயங்காலம் சென் நதிக்கரையில் நடந்தால் போதும். மறுநாள் ஈபெல் கோபுரம். 1889-ல் கட்டியது. உயரம் 330 மீட்டர். அடுத்து வெர்சேல்ஸ் அரண்மனை. உள்ளூர் ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திங்கட்கிழமை மட்டும் போகக் கூடாது. அரண்மனைக்கு அன்று லீவு. மோனாலிசா படம் இருக்கும் லூவ்ர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டால், பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். இன்னொரு நாள் சார்த்ர் நகரத்துப் பழைய மாதா கோவில். ரெயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

நாக்கு செத்துப் போனால் கவலை இல்லை. பாரிசில் லா சப்பல் என்று ஒரு பகுதி. இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசையும் கிடைக்கும், சோறும் கிடைக்கும். பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோவில். வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசி வாக்கில் பாரிஸ் தெருவில் தேர் ஓடுகிறது. ஆடிப்பூரத் தேரை வடம் பிடித்த கைக்கு அதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்காதா?

பிறகு ஒரே ஒரு முறை பெட்டி கட்ட வேண்டும். பாரிசில் இருந்து பாசல் நகருக்கு 3 மணி நேர ரெயில். அங்கே மாறினால் லூசர்ன் ஒரு மணி நேரம்.

மலைக்கு எப்போது?

இரண்டு ஊரில் தங்குவதன் பெரிய லாபம் லூசர்னில்தான் தெரியும்.

அங்கிருந்து எங்கெல்பெர்க் ஊருக்கு முக்கால் மணி நேரத்தில் ரெயில் போகிறது. கம்பி வண்டியில் ஏறினால் டிட்லிஸ் பனிமலை. சுமார் 10 ஆயிரம் அடி. இன்னொரு பக்கம் ரிகி மலை. ஐரோப்பாவில் முதன் முதலாகப் பல்சக்கர ரெயில் மலை ஏறியது அங்கேதான். அது 1871-ம் ஆண்டு.

ஆனால் மலையில் மேகம் மூடினால் போச்சு! எதிரே நிற்கிற ஆள்கூடத் தெரியாது. பஸ் டூரில் போனால், குறித்த தேதியில் ஏறியே தீர வேண்டும். மழையானாலும் சரி, மூடுபனி ஆனாலும் சரி. 4 நாள் அங்கேயே தங்குகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கலாம். மலை உச்சியில் காமிரா வைத்திருக்கிறார்கள். செல்போனிலேயே பார்க்கலாம். தெளிவாக இருந்தால் மலை. இல்லாவிட்டால் ஏரியில் படகு. அதுவும் இல்லாவிட்டால் பெர்ன் நகரம். ரெயிலில் ஒரு மணி நேரம். அங்கே பல மதங்களுக்கும் ஒரே கட்டிடத்தில் இடம் கொடுத்து 2014-ல் திறந்தார்கள். அதில் தமிழர்கள் கும்பிடும் கோவிலும் இருக்கிறது.

அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுவிட்டுக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள். இவர்களுக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

பாரிஸ் வேண்டாம் என்கிறவர்கள் இத்தாலி போகலாம். ரோமில் சில நாள், பிளாரன்சில் சில நாள். இரண்டுக்கும் நடுவே வேக ரெயிலில் ஒன்றரை மணி நேரம்தான். பிளாரன்சில் இருந்து பைசா சாய்ந்த கோபுரம் ஒரு மணி நேரம்.

விசாதான் முகூர்த்தம்!

ஓட்டலுக்கு முன்னால் விசாவைப் பார்க்க வேண்டும்.

ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குப் போகலாம். லண்டன் அதில் சேராது. அதற்குத் தனி விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ, அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2 ஊர்த் திட்டத்தில் இதில் குழப்பமே வராது. பாரிசில் 5 ராத்திரி என்றால் பிரான்ஸ். விஷயம் முடிந்தது.

கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. 2024 ஜூனில் உயர்த்தினார்கள். குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்சும் வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்க மாட்டார்கள். கைரேகை வைக்க இரண்டு பேரும் நேரில் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரசில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை.

விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2024-ல் இந்தியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் விண்ணப்பங்களைத் தள்ளிவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பாது. "விசாவுக்கு நான் கியாரண்டி" என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் நம்பக் கூடாது. கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் கையில். அதனால், பணம் திரும்பாத டிக்கெட்டை விசா வரும் முன்பு வாங்குவது மடத்தனம்.

பெண்ணின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் இருக்கட்டும். கல்யாணம் ஆனதற்காகப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பாஸ்போர்ட்டில் என்ன பெயரோ, அதே பெயரில் டிக்கெட் இருக்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாணத்தைப் பதிவு செய்வதைத் தள்ளிப் போடக் கூடாது. 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் அது கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

மாதம் பார்ப்பதிலும் நம் வழக்கமே கைகொடுக்கிறது. ஆடியில் புதுத் தம்பதியைப் பிரித்து, பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஐரோப்பாவிலும் ஜூலை, ஆகஸ்டில்தான் கூட்டம் தாங்காது, வாடகையும் எகிறும். வைகாசி கல்யாணம் என்றால் உடனே போகலாம். ராத்திரி 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆவணிக் கல்யாணத்துக்குச் செப்டம்பர் நல்லது. தையில் தாலி கட்டியவர்கள் சித்திரை வரை பொறுக்கலாம். ஜனவரிக் குளிர் நம் உடம்புக்கு ஒத்துவராது.

ஒரு விஷயம். சொந்தக்காரருக்குக் கொடுக்க என்று பால்கோவாவைப் பெட்டியில் அடைக்க வேண்டாம். ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்குள் வெளிநாட்டுப் பயணிகள் பாலும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போட்டால் மனம் தாங்குமா?

நகையை வைக்காதே!

கடைசியாக, முக்கியமான விஷயம். பணம்.

பெண்ணுக்குப் போட்ட நகை பெட்டிக்குள் போய் ஒரு மாதம்கூட ஆகி இருக்காது. அதை எடுத்து அடகு வைத்து ஐரோப்பா போவது என்ன நியாயம்? போட்டோவைப் பார்த்து ஊர் மெச்சும். வட்டியை ஊர் கட்டாது. கடன் வாங்கிய பணத்தைத் திடீரென்று பேங்கில் போட்டுக் கணக்குக் காட்டினால், விசா கொடுக்கிறவரும் சந்தேகப்படுவார்.

கையில் பணம் இல்லை என்றால் குறைந்து போவது ஒன்றும் இல்லை. இப்போது கொடைக்கானல். சேமித்து, முதல் கல்யாண நாளுக்குப் பாரிஸ். ஈபெல் கோபுரம் எங்கும் ஓடிப் போகாது.

திட்டத்தை மாப்பிள்ளை மட்டும் போடுவதும் சரி அல்ல. "உனக்கு எங்கேம்மா போகணும்?" என்று பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மலையா, கடலா, மியூசியமா, கடை வீதியா, அவள் சொல்லட்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதட்டும். சேர்ந்து எடுக்கும் முதல் முடிவு அதுவாகவே இருக்கலாம். செலவு எவ்வளவு என்பது முதல் நாளே இருவருக்கும் தெரிய வேண்டும்.

7 நாட்டைப் பார்த்தேன் என்று ஊரில் சொல்லிக் கொள்ளலாம். 2 ஊரில் நிம்மதியாக இருந்தோம் என்பதை அவர்கள் இருவர் மட்டுமே சொல்லிக் கொள்வார்கள். ஆயுள் முழுவதும் கூட வருவது இரண்டாவதுதான்!