ஜூலை 15: பேனர் வேண்டாம், பள்ளிக்கூடம் போங்க!

தோழர்களே, ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். உங்க ஊர் தொடக்கப்பள்ளியிலும் விழா நடக்கும். மாலையோடு மட்டும் போய் நிக்காதீங்க. முதல்ல கழிப்பறையைப் பாருங்க. அது சரியில்லைன்னா பிள்ளைங்க தண்ணியே குடிக்காம, சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். காலைச் சாப்பாடு வந்தும் என்ன பயன்?

காமராஜர் ஆட்சியில், 1950-களின் கடைசியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர் மக்களே பெஞ்சு, கரும்பலகை என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டித் தருவது அரசின் கடமைதான், அதை விடாமல் கேட்போம். அதுவரைக்கும் பிள்ளை அடக்கிக்கிட்டு இருக்க முடியுமா?

பேனர் காசைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கொடுத்து ரசீது வாங்குங்க. சுவரில் நம்ம கொடியும் வேண்டாம், பேரும் வேண்டாம். குழாயில தண்ணி வருதான்னு ஆகஸ்டிலும் ஒரு தடவை போய்ப் பாருங்க.