பெயிண்ட் போன மோட்டார் சைக்கிள்: வாங்கலாமா? வேண்டாமா?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. பெட்ரோல் டாங்கில் கீறல். மட்கார்டு நெளிந்திருக்கிறது. சீட்டு கிழிந்திருக்கிறது. பெயிண்ட் வெளுத்துவிட்டது.

"இந்த ஓட்டை வண்டியா?" என்று மனைவி முகம் சுளிக்கிறாள்.

"விலை மலிவாயிற்றே!" என்கிறான் கணவன்.

இருவரில் யார் சொல்வது சரி?

வேலைக்குப் போக வண்டி வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடவும் வண்டி வேண்டும். கையில் இருப்பதோ சிறு சேமிப்பு. அது மோசமான வண்டியில் முடங்கினால் குடும்பமே தவிக்கும். ஆகவே கணக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வரி குறைந்தது

முதல் கணக்கு, விலை.

புது மோட்டார் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. வரி 100 ரூபாய்க்கு 28 ரூபாயாக இருந்தது. 350 சி.சி. வரை உள்ள வண்டிகளுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் மத்திய சர்க்கார் அதை 18 ரூபாயாகக் குறைத்தது.

வரி சேராமல் 70,000 ரூபாய் விலையுள்ள வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வரியோடு 89,600 ரூபாய். வரி குறைந்தபின் 82,600 ரூபாய். 7,000 ரூபாய் மிச்சம்!

புது வண்டியின் விலை இறங்கினால், பழைய வண்டியின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? பழைய வண்டியைப் பார்க்கப் போகுமுன், அதே வண்டி புதிதாக என்ன விலை என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது.

கீறல் பொய் சொல்லாது

கீறலும் நெளிசலும் வண்டியை வழியில் நிறுத்தாது. சீட்டு உறை கிழிந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். மட்கார்டை மாற்றிக்கொள்ளலாம். இவை அழகுக் குறைகள். பேரம் பேசி விலையைக் குறைக்க இவை உதவும்.

அதிகம் பயப்பட வேண்டியது, பழைய வண்டியின் மேல் பளபளக்கும் புதுப் பெயிண்டைக் கண்டுதான்!

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தது. தெருவில் நின்ற வண்டிகள் மூழ்கின. மூழ்கிய வண்டிக்குப் பெயிண்ட் அடித்தால் அதுவும் பளபளக்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால், எண்ணெய் பால் கலந்த தேநீர்போல வெளுத்திருக்கும். பெயிண்ட் அதை மறைக்காது.

உயிர்க் குறைகள்

ஆனால் எல்லாக் குறையும் அழகுக் குறை அல்ல. சில குறைகள் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போக வேண்டும்.

வண்டியின் எலும்பு, சேஸிஸ். அதில் விரிசலோ, உடைந்து ஒட்டவைத்த தழும்போ இருந்தால் அந்த வண்டி வேண்டாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால், வண்டி பலமாக மோதியிருக்கலாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், ஆற விட்டுப் பார்க்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால், எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். அதற்குச் செலவு அதிகம்.

பெட்ரோல் டாங்கின் வெளியே துரு இருந்தால் போகட்டும். மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே துரு இருந்தால், அது பெட்ரோல் போகும் வழியை அடைக்கும்.

டயரின் பக்கத்தில் 4 இலக்க எண் இருக்கும். 2318 என்றால், 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் இருந்தாலும் பழைய ரப்பர் வெடிப்பு விடும்.

ஆர்.சி. யார் பேரில்?

வண்டி நன்றாக இருக்கிறது. காகிதம்?

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை அரம் போட்டு அழித்திருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். எவ்வளவு மலிவானாலும் தொடக்கூடாது. கடன் பாக்கி இருந்தால், கடன் கொடுத்தவரின் தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாது.

மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் கெடு முடிகிறது. அந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேச வேண்டும்.

வாங்கியதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும். அதே மாநிலத்தில் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சைத் தம் பேருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இது விற்பவருக்கும் முக்கியம். விபத்து நடந்த அன்று ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ, அவரே சட்டப்படி சொந்தக்காரர் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வண்டியை விற்று ஆண்டுகள் ஆன பிறகும் நஷ்டஈடு அவர் தலையில் விழலாம்!

இருவரும் சரி

கேட்கும் விலை, ரிப்பேர் செலவு, டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம். ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்குமானால், இது வேண்டாம். கிடைக்காது, சேஸிஸும் எஞ்சினும் காகிதமும் சரி என்றால், தயங்காமல் வாங்கலாம்.

மலிவு என்றானே கணவன், அதுவும் சரி. முகம் சுளித்தாளே மனைவி, அதுவும் சரி. அவள் சந்தேகப்பட்டதால்தானே மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்!

பெயிண்ட் அடுத்த தீபாவளிக்கு அடித்துக்கொள்ளலாம். பிரேக்கை இன்றே பார்க்க வேண்டும். பின் சீட்டில் உட்காரப்போவது பிள்ளை அல்லவா?