பலகை நீந்தி வந்து காப்பாற்றாது

காணும் பொங்கலன்று மெரினாவில் கம்பு நட்டுத் தடுப்பு கட்டுகிறது காவல்துறை. பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் மணிக்கட்டில் கட்டிவிடுகிறார்கள். கடலில் யாரையும் இறங்க விடுவதில்லை. நல்ல ஏற்பாடுதான். மற்ற நாட்களில்? நம் கடற்கரைகள் பலவற்றில் 'ஆபத்தான பகுதி, குளிக்காதீர்' என்ற பலகைதான் காவல். அதனடியிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இளைஞர்கள் இறங்குகிறார்கள்.

ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், வெயிலில் பேருந்து பிடித்து வருகிறவர்களிடம் காலை மட்டும் நனைத்துக்கொண்டு போ என்றால் நடக்காது. பலகை நட்டதோடு பொறுப்பு தீர்ந்தது என்று அரசு இருப்பதை ஏற்க முடியாது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கையை, கடல்நிலையைக் கணிக்கும் இன்காய்ஸ் நிறுவனம் முன்பே விடுத்திருந்தது. எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல் கிளப்பும் அலை, நாட்கள் கழித்து இங்கே கரையேறும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. அதனால்தான் கள்ளத்தனமாக வரும் கடல் என்று அதற்குப் பெயர். அந்த மாணவர்களின் சாவு படிப்பில்லாமல் நேர்ந்ததல்ல. கடலைப் படிக்க நாம் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

இழுவை நீரோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் மட்டும் ஒரு பாதைபோல நுரையின்றி, சற்றுக் கலங்கலாகத் தண்ணீர் கிடக்கும். அமைதியாகத் தெரிகிறதே என்று குழந்தையோடு அங்கேதான் இறங்குவார்கள். கரைக்கு வந்த நீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வாய்க்கால் அது. சிக்கியவர் கரையை நோக்கி நீந்தினால் கை ஓய்ந்துபோகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். காப்பாற்றப் போகிறேன் என்று வெறுங்கையோடு பாய்கிற நண்பனும் சேர்ந்தே மூழ்குகிறான்; அவன் எறிய வேண்டியது கயிறு, காலி கேன், எது கிடைத்தாலும். இதைப் பள்ளியில் ஒரு வகுப்பில் சொல்லிவிடலாம்.

கோவா அரசு 2008-இல் உயிர்காக்கும் பணியை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்துக் கடற்கரைகளில் காவலர்களை நிறுத்தியது. சென்னை அருகே உள்ள நம் கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது; குளிக்கும் இடத்தை வரையறுப்பதும் உயிர்காவலரையோ உயிர்காப்புக் கருவிகளையோ நிறுத்திவைப்பதும் அச்சான்றுக்கான விதிகளில் உண்டு. ஆக, வழி தெரியாமல் இல்லை. கோவளத்து மீனவ இளைஞர்கள் வெளியூர்க்காரர்களுக்கு அலைச்சறுக்கு சொல்லித்தருகிறார்கள். அலையின் போக்கைப் பார்த்தவுடன் சொல்லும் அந்தக் கண்ணுக்கு மாதச் சம்பளம் கொடுக்க அரசுக்கு ஏன் மனம் வரவில்லை? யாராவது மூழ்கினால் முதலில் குதிப்பவரும், உடலைத் தேடிப் படகெடுப்பவரும் அவர்கள்தானே!

கூட்டம் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் குளிக்க ஓர் இடத்தைச் சிவப்பு மஞ்சள் கொடி நட்டு ஒதுக்க வேண்டும். மிதவையும் கயிறும் விசிலுமாக உயிர்காவலர்கள் அங்கே நிற்க வேண்டும். கள்ளக்கடல் அறிவிப்பு வந்த நாளில் கொடியை இறக்கி, ஒலிபெருக்கியில் சொல்லிக் கரையை மூட வேண்டும். உயிர்காப்பு அங்கி தராமல் படகுச் சவாரி நடத்துபவரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். மது அருந்தியவரைத் தண்ணீரில் இறங்க விடவே கூடாது. இதில் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் பங்குண்டு. உயிர்காவலர் பணியை மீனவக் குப்பங்களுக்கு முன்னுரிமை தந்து, ஒப்பந்தக் கூலியாக இல்லாமல் நிரந்தர வேலையாக அரசு அறிவிக்கட்டும். வரும் கோடை விடுமுறைக்கு முன்பே அந்த ஆணை வெளிவர வேண்டும்.