வெட்டினது போக மிச்சம்

மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடி வண்டிக்குக் காத்திருப்பது ஒரு தனிக் கலை. டீ குடிக்கலாம். கரிசல் காட்டைப் பார்க்கலாம். மறுபடியும் டீ குடிக்கலாம். போன வாரம் நான் மூன்றையும் முடித்துவிட்டு, செல்போனில் அக்கா மகள் கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து மணி நேரத்தை அரை மணி நேரமாக்க வேண்டும் என்பது அக்கா உத்தரவு. ('ஆபீஸ்ல சும்மாத்தானே இருக்கே!')

பக்கத்துப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி பண்ணுதீக?"

"வேண்டாததை வெட்டுறேன் அண்ணாச்சி."

"எது வேண்டாததுன்னு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சாக்கும்?"

சுருக்கென்றது. இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் சந்தித்தவர் ஒருவர் உண்டு. 1911 ஜூன் 17-ம் தேதி இதே மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். அதே வருஷம் நவம்பரில் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர் ஏ.கே.செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் போட்டோ கலை படித்தவர். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரி எடுத்தால் என்ன? வயசு 26 கூட நிறையவில்லை. (அந்த வயசில் நமக்கு இன்க்ரிமென்ட்டைத் தாண்டி எண்ணம் போனதுண்டா?)

புதிதாகப் படம் பிடிப்பதைவிடப் பெரிய வேலை, ஏற்கெனவே பிடித்ததைத் தேடுவது. முப்பது வருஷங்களில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்த துண்டுகள் உலகமெங்கும் சிதறிக் கிடந்தன. சுமார் லட்சம் மைல் அலைந்து 50,000 அடி பிலிம் சேர்த்தார். நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். எந்த ரசிகர் உட்காருவார்? 12,000 அடிக்குச் சுருக்கினார். அதாவது 38,000 அடி காந்தி வெளியே! அத்தனை மைல் அலைந்து கொண்டுவந்ததை ஒதுக்கும்போது கை நடுங்காமலா இருந்திருக்கும்?

1940 ஆகஸ்டில் சென்னை ராக்ஸி தியேட்டரில் தமிழில் படம் வெளியானது. 1953-ல் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் வந்தது. அப்புறம்? நாம் தொலைத்துவிட்டோம். வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி, ஆங்கிலப் படத்தின் சுருக்கமான பிரதி ஒன்றை சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். தமிழ்ப் படம் முழுசாகக் கிடைக்கவில்லை. அவர் யோசித்து யோசித்துக் கழித்தது 38,000 அடி. நாம் யோசிக்காமலே கழித்தது மிச்சம் 12,000 அடி.

பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. செல்போனில் குப்பைத்தொட்டியைத் திறந்தேன். ஆட்டமான ஷாட் என்று நான் தள்ளிவிட்ட ஒரு துண்டு. பந்தி வாசலில் பெரிய மாமா நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிறார். கல்யாணம் தை மாசம். ஆடியில் மாமா போய்விட்டார்.

திருப்பி எடுத்து ஒட்டினேன். வீடியோ முப்பத்திரண்டு நிமிஷமாகிவிட்டது. அக்கா திட்டுவாள், அந்த இடம் வருகிற வரைக்கும்.

"வண்டி வந்துட்டு தம்பி" என்றார் பெரியவர்.