600 ரூபாய்க்கு 450 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்... வாங்கலாமா, வேண்டாமா?

நவம்பர் வந்துவிட்டால் பூதலூர் பக்கத்து கம்ப்யூட்டர் சென்டர்களில் கூட்டம் கூடிவிடும். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15-தான் கடைசி நாள். அடங்கல், சிட்டா, பாஸ்புக், ஆதார் நகல்களோடு விவசாயிகள் வரிசையில் நிற்கும்போது ‘டப்’பென்று ஒரு சத்தம், கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சுண்ணே. அறுநூறு ரூபாய்க்கும் இருக்கு, ரெண்டாயிரத்துக்கும் இருக்கு. எதைப் போடட்டும்?” என்பார்.

பெரும்பாலும் அறுநூறுதான் ஜெயிக்கும். “ரெண்டும் ஒரே டப்பாதானே தம்பி, ரெண்டுலயும் 450 வாட்ஸ்னுதானே போட்டிருக்கு?” கேள்வி நியாயமானதுதான். ஆனால், பிழைப்பே கம்ப்யூட்டரை நம்பி இருக்கும்போது இது தப்புக் கணக்கு.

அந்த டப்பா என்ன செய்கிறது?

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவதுதான் இதன் வேலை. ஏ.டி.எக்ஸ். விதிமுறைப்படி 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழே போகக் கூடாது, 12.6-ஐத் தாண்டக் கூடாது. கீபோர்டு, ரேம் போன்றவை கெட்டால் பெரும்பாலும் அதோடு போய்விடும். எஸ்.எம்.பி.எஸ். அப்படியில்லை. அளவு மீறிய வோல்ட்டை அனுப்பினால் மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே போகலாம். 600 ரூபாய்ப் பொருளை 600 ரூபாய் ரிஸ்க்காக மட்டும் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஸ்டிக்கரில் ஒரு பெருக்கல்

பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸை விடுங்கள். கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பகுதி மின்சாரத்தை அந்த வழியில்தான் எடுக்கின்றன. உதாரணத்துக்கு, அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 14 = 168 வாட்ஸ்தான். அப்புறம் 450 எங்கிருந்து வந்தது?

கடையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து, “பாருங்க சார், ஃபேன் சுத்துது” என்று காட்டுவார்கள். ஆன் ஆகிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. லோடு ஏறும்போது என்ன ஆகும் என்று அதில் தெரியாது.

விலை எப்படிக் குறைகிறது? சின்ன டிரான்ஸ்ஃபார்மர், தரம் குறைந்த கெபாசிட்டர் எல்லாம் ஒரு பக்கம். ஷார்ட் சர்க்யூட், ஓவர் வோல்டேஜ், ஓவர் லோடு வந்தால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு சர்க்யூட்டைக் குறைத்துவிடுவது இன்னொரு பக்கம். வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல்

கிராமத்து லைனில் பம்ப்செட்கள் ஒரே நேரத்தில் ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதை பூதலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ உள்ள எஸ்.எம்.பி.எஸ்.களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். 115/230 என்று சின்ன ஸ்விட்ச் வைத்த மலிவு டப்பாவுக்குப் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. வோல்டேஜ் இறங்கினால் திணறும், ரீஸ்டார்ட் ஆகும்.

இன்னொன்று எர்த். கேபினெட்டைத் தொட்டால் ‘சுருக்’கென்று அடிக்கிறதா? எர்த் இல்லாத பிளக்கில், எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக கேபினெட்டில் பாதி மெயின் வோல்டேஜ் வரை நிற்கலாம். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் இது நடக்கும். ஆனால், அந்த இடத்தில் தரமில்லாத கெபாசிட்டரைப் போட்டு, அது ஷார்ட் ஆனால் கேபினெட்டிலேயே முழு மின்சாரம் பாயும். முதலில் எர்த்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிராண்டு இருந்தால் போதுமா?

போதாது. ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் சோதனையின்போது வெடித்ததாக 2021-ல் கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற அமெரிக்க யூடியூப் சேனல் வெளியிட்டது. அந்த ஆகஸ்டில், ஓவர் லோடு ஆனால் அணையும் வரம்பைக் குறைத்துவிட்டதாகவும், பழையதை மாற்றித் தருவதாகவும் நிறுவனம் அறிவித்தது. பெயருள்ள நிறுவனம் தப்பு செய்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. பெயரே இல்லாத டப்பாவுக்கு யாரிடம் போய் நிற்பது?

“எங்க கடையில அஞ்சு வருஷமா ஓடுதே?”

அதுவும் உண்மைதான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர் 100 வாட்ஸைத் தாண்டுவதே அபூர்வம். லோடு குறைவாக இருப்பதால் மலிவு டப்பாவும் ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது கோளாறு வரும் நாளில்தான் அதன் உண்மையான தரம் தெரியும்.

இதிலேயே தீர்வும் இருக்கிறது. பில்லிங், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று இருக்கும் கடைக்கு 450 வாட்ஸே தேவையில்லை. பொய்யான 450-ஐ விட உண்மையான 300 மேல். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: 12 வோல்ட் ஆம்பியர் கணக்கு ஒத்துவருகிறதா, பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா (‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் சரிபார்க்கலாம்), வாரன்டி பில்லில் எழுதித் தருகிறார்களா.

‘80 பிளஸ்’ முத்திரை மின்சிக்கனத்துக்கானது. பாதுகாப்புச் சான்று அல்ல. ஆனாலும் பணம் மிச்சமாகும். 80 வாட்ஸ் வேண்டிய கம்ப்யூட்டருக்கு 65 சதவீதத் திறன் உள்ள டப்பா 123 வாட்ஸ் இழுக்கும்; 80 சதவீதத் திறன் உள்ளது 100 வாட்ஸ்தான் இழுக்கும். தினம் 10 மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 69 யூனிட் மிச்சம். வணிக இணைப்பில் விலை வித்தியாசம் சில வருடங்களில் கரண்ட் பில்லிலேயே கழிந்துவிடும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துப் பார்க்க அறுநூறு ரூபாய் டப்பா போதும் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது அவர் துணிச்சல். ஊரே நம்பி வரிசையில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு வேண்டவே வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்கப்போய் நவம்பர் 14 அன்று கடை ஷட்டரை இறக்க வேண்டிவந்தால், அந்த நஷ்டம் கடைக்காரரோடு நிற்காது.