தலைவிதியா, லாப வேட்டையா?

"இது அபூர்வ வியாதி, இதற்கெல்லாம் சர்க்கார் பணம் செலவிட முடியுமா?" என்று கேட்கிறார்கள் சில மேதாவிகள். அட்ரீனல் சுரப்பி பிறவியிலேயே பழுதுபட்ட குழந்தைகளைப் பற்றித்தான் இந்தக் கேள்வி. பதில் சொல்வோம்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி அது. உயிருக்கு வேண்டிய கார்டிசால் அதில்தான் ஊறுகிறது. சில குழந்தைகளுக்கு அது போதிய அளவு ஊறுவதில்லை. ஆண் தன்மை தரும் சுரப்புநீரோ அளவு மீறிப் பெருகுகிறது. இவர்களில் பலர் பிறந்த இரண்டு மூன்று வாரத்தில் உடலின் உப்பை இழந்து, வாந்தியெடுத்து மடிகிறார்கள். காரணம் தெரியாமலே புதைக்கிறோம்.

பிழைத்த பிள்ளை ஐந்து வயதில் எட்டு வயதுப் பிள்ளைபோல் நெடுநெடுவென்று வளரும். பெற்றோர் பூரித்துப் போவார்கள். ஆனால் எலும்பு சீக்கிரமே முற்றிவிடும், வளர்ச்சி நின்றுவிடும். வகுப்பில் எல்லோரையும்விட உயரமாக நின்றவனை, வளர்ந்த பின் ஊரார் 'குள்ளன்' என்று ஏசுவார்கள். இது சாபமல்ல, தாயின் குற்றமுமல்ல. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்வதால் உண்டாவது. சொந்தத்தில் பெண் எடுக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மருந்து இல்லையா? 1950 முதலே இருக்கிறது! ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை, ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். அளவு குறைந்தால் எலும்பு முற்றும். கூடினால் அந்த மருந்தே வளர்ச்சியை அமுக்கும். ஆகவே அடிக்கடி உயரம் அளந்து, கை எலும்பைப் படம் பிடித்துப் பார்த்து, அளவைத் திருத்த வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து இப்படிப் பராமரித்தால், பிள்ளை பெற்றோரின் உயரத்தை நெருங்க முடியும்.

ஆனால் தோவாளை வயலில் நாற்று நடும் தாயும், கல்குளத்தில் அண்டி ஆபீசில் பருப்புத் தோல் உரிக்கும் தாயும் ஒரு நாள் கூலியை இழந்துதானே ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? மாத்திரை தீர்ந்தால் கடன் வாங்கித்தானே கடையில் வாங்க வேண்டும்? பிள்ளையின் உயரத்தை அளப்பது விதியல்ல, தாயின் கூலி!

அபூர்வ வியாதியாம்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007 முதல் 2012 வரை ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைச் சோதித்தது. 5,762 பேருக்கு ஒருவர் என்று கணக்கு வந்தது. சென்னையிலோ சுமார் 2,000 பேருக்கு ஒருவர்! களியக்காவிளையைத் தாண்டினால், கேரள சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் சிசுவின் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தத்தில் இந்த வியாதியையும் சோதிக்கிறார்கள். 1956 வரை நாமும் அவர்களும் ஒரே ராஜ்யம். எல்லைக்கல் மாறினால் குழந்தையின் உயிருக்கு மதிப்பு மாறலாமா?

மருந்தைச் சந்தையிடம் விட்டால் என்ன நடக்கும்? பிரிட்டனைப் பாருங்கள். காப்புரிமை என்றோ தீர்ந்த இதே மாத்திரை, 10 மில்லிகிராம் டப்பா, 2008இல் 70 பென்ஸ். 2016இல் 88 பவுன்! நூறு மடங்குக்கு மேல்! மாத்திரை மாறவில்லை, முதலாளியின் பசிதான் பெருத்தது. 2021இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் ஆடன் மெக்கென்சி, ஆக்டாவிஸ் கம்பெனிகளின் கொள்ளைக்காக 26 கோடி பவுனுக்கு மேல் அபராதம் விதித்தது.

ஆகவே நாம் பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கிறோம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும், ஒருவர்கூட விடுபடாமல், இந்த இரத்தப் பரிசோதனை வேண்டும். முடிவு ஒரு வாரத்துக்குள் தாயின் கையில் சேர வேண்டும். மாத்திரையைச் சர்க்காரே தயாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றி இலவசமாகத் தர வேண்டும். பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குப் பஸ் கட்டணமும் கூலியும் வேண்டும்.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளர்களே! போனசுக்கும் கூலிக்கும் எழுப்பும் குரலில் இதையும் சேருங்கள். நம் பிள்ளைகள் நிமிர்ந்து வளரட்டும்!